கொம்பு மீசைக் குளவி

மாசி 2

ஒரு வரி எழுதி முடிப்பதற்குள் டீ ஆறிவிட்டது. ஆறின டீயும் நன்றாகத்தான் இருக்கிறது.

மாசி 3

நேற்று ஒரு வரியிலேயே விரல் வலித்துவிட்டது. இன்று கூடுதலாக எழுதிப் பார்க்கிறேன்.

நான் திம்மராயன். ராயக்கோட்டைப் பக்கம் எங்கள் ஊர். முக்கால் ஏக்கரில் தக்காளி வைத்திருக்கிறேன். வயது எழுபதுக்கு மேல். மாலை வகுப்பில் சேர்ந்து எழுத்துக் கற்றது கார்த்திகையில். பொழுது போகவில்லை, அதனால் சேர்ந்தேன். என் மனைவி கெம்பம்மா ஓசூரில் மகள் சுகுணா வீட்டில் இருக்கிறாள். ஐப்பசியிலிருந்து அங்கேதான். காற்று மாறட்டும் என்று போயிருக்கிறாள்.

எங்கள் வகுப்பில் எல்லோருக்கும் முதலில் பென்சில்தான். தப்பில்லாமல் ஒரு பக்கம் எழுதுகிறவருக்குப் பேனா. எனக்குப் போன வாரம் நீலப் பேனா கிடைத்தது. சட்டைப் பையில் குத்திக்கொண்டு சந்தைக்குப் போனேன். யாரும் கவனிக்கவில்லை. இரண்டு தரம் வெளியே எடுத்து மூடியைத் திறந்து மூடினேன். அப்போதும் கவனிக்கவில்லை. பரவாயில்லை.

மாசி 5

தக்காளி இலைகளில் வெள்ளைக் கோடு விழுந்திருக்கிறது. வளைந்து வளைந்து போகும் கோடு. தொடங்கும் இடத்தில் நூல் மாதிரி, போகப் போகத் தடிமன். மை இறங்காத பேனாவால் யாரோ கிறுக்கிய மாதிரி.

வேளாண்மைக் கல்லூரியில் ஆராய்ச்சிப் படிப்புப் படிக்கிற ஜெசிந்தா மேடம் இன்று வந்தார். கன்னியாகுமரிப் பக்கத்துப் பெண். போன மாதம் வந்து, இந்தப் பயிர் முடிகிறவரை மருந்து அடிக்காத ஒரு வயல் வேண்டும் என்று ஊரெல்லாம் கேட்டார். எல்லோரும் சிரித்து அனுப்பினார்கள். நான் சரி என்றேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

அவர் ஒரு இலையை வெயிலுக்கு நேரே தூக்கிக் காட்டினார். கோடு முடிகிற இடத்தில் மஞ்சளாக ஒரு புழு. ஒரு சின்ன ஈ இலையில் முட்டை வைக்கிறதாம். புழு இலையின் மேல்தோலுக்கும் கீழ்த்தோலுக்கும் நடுவில் தின்றுகொண்டே போகிறது. அது போன வழிதான் கோடு. இதுவரை எனக்குத் தெரியும். அதற்கு மேல் அவர் சொன்னது தெரியாது.

அந்தப் புழுவைத் தேடி ஒரு குளவி வருமாம். கடுகில் பாதிகூட இருக்காதாம். பலாப்பழம் வாங்குகிறவர் தட்டிப் பார்ப்பது போல மீசையால் இலையைத் தட்டி, புழு இருக்கிற இடத்தைக் கண்டு, இலையோடு சேர்த்துக் குத்துமாம். சில வகை புழுவுக்குப் பக்கத்தில் முட்டை வைக்கும். சில வகை புழுவின் உடம்புக்குள்ளேயே வைத்துவிடும். எப்படியானாலும் குளவியின் குஞ்சு ஈயின் புழுவைத் தின்றுதான் வளர்கிறது.

எந்தச் செடியின் ஈயை எந்தக் குளவி தின்கிறது, அந்தக் குளவி என்ன இனம் என்று கண்டுபிடிப்பதுதான் மேடத்தின் படிப்பு. இதற்குக்கூடப் படிப்பு இருப்பது எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது.

மாசி 8

கெம்பம்மா போனில் பேசினாள். மருந்து அடித்தாயிற்றா என்று கேட்டாள். அடித்தேன் என்றேன்.

மாட்டுக்குத் தவிடு வாங்க வேண்டும்.

மாசி 10

மேடம் எனக்கு வேலை கொடுத்திருக்கிறார். கோடு விழுந்த இலையைப் பறித்து, ஒரு டப்பாவுக்கு ஒன்றாகப் போட வேண்டும். பக்கத்தில் ஒரு சீட்டு. குளவி வெளியே வந்ததும் மெல்லிய தூரிகையால் எடுத்து ஸ்பிரிட் ஊற்றிய கண்ணாடிக் குப்பிக்குள் விட வேண்டும். சீட்டையும் அதே குப்பிக்குள் போட்டுவிட வேண்டும். வயல் வரப்பில் கெம்பம்மா நட்ட ஆமணக்கு இருக்கிறது. அதன் இலையிலும் இதே கோடு. அதையும் தனியாக எடுக்கச் சொன்னார்.

சீட்டில் செடியின் பெயர், ஊர், தேதி, எடுத்தவர் பெயர். எடுத்தவர் யார் என்று கேட்டேன். நீங்கள்தான் என்றார். இலை பறித்ததற்கெல்லாம் பெயர் போடுவார்களா என்றேன். போடாவிட்டால் குளவியை யாரும் ஏற்றுக்கொள்ள மாட்டார்கள் என்றார்.

எழுதுவதற்கு ஒரு பென்சில் கொடுத்தார். பேனா வாங்கிவிட்டேன் என்று காட்டினேன். பென்சில் போதும் ஐயா, பென்சிலில்தான் எழுத வேண்டும் என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸுக்கு ஓடினார். புதிதாகக் கற்றவன், தப்பாக எழுதினால் அழித்துக்கொள்ளட்டும் என்று நினைத்திருப்பார். இருக்கட்டும்.

மாசி 12

குப்பிக்குள் என்ன இருக்கிறது என்று குப்பியிலேயே எழுதியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் அது வெறும் குப்பை என்று மேடம் சொன்னது மனதில் ஓடிக்கொண்டே இருக்கிறது. எழுதியிருந்தால் மட்டும் போதாது. பக்கத்தில் நிற்கிறவனுக்கு அதைப் படிக்கவும் தெரிய வேண்டும்.

ஆஸ்பத்திரியில் அந்த டாக்டர் எழுத்து அழிந்த காலிப் பாட்டிலை என் பக்கம் நீட்டியபடி

மாட்டுக்குத் தண்ணீர் காட்டினேன்.

மாசி 15

முதல் குளவி வந்துவிட்டது. ஆமணக்கு இலை டப்பாவில். உடம்பு பச்சையாக மின்னுகிறது, பட்டுப்புடவைக் கரை மாதிரி. மேடம் கொடுத்த பூதக்கண்ணாடி வழியாகப் பார்த்தேன். மீசை ஒற்றை மீசை இல்லை. மான்கொம்பு போலக் கிளை கிளையாக இருக்கிறது. சிரித்துவிட்டேன். இத்தனை சின்ன உயிருக்கு இப்படி ஒரு மீசை.

போனில் மேடத்திடம் சொன்னேன். ஆணாக இருக்கும், ஆணுக்குத்தான் அப்படி மீசை, ஆனால் நுண்ணோக்கியில் பார்க்காமல் பேர் சொல்ல மாட்டேன் என்றார். என்ன பெயராக இருக்கலாம் என்று விடாமல் கேட்டேன். சொன்னார். அதைத் தமிழில் எழுதிப் பார்க்கிறேன். ஹெமிப்டார்சினஸ். இந்த ஒரு சொல்லுக்கு அரை நாள் ஆயிற்று. நல்ல அரை நாள்.

மாசி 17

உட்கார முடியவில்லை. டப்பாக்களைப் பார்க்கிறேன், வயலைப் பார்க்கிறேன், மறுபடி டப்பா. டப்பாவில் வருகிற குளவிகள் வயலில் கண்ணுக்குத் தெரியவில்லை. கோடு மட்டும் கூடுகிறது. கீழ் இலைகள் காய ஆரம்பித்துவிட்டன.

பக்கத்து வயல் மாரப்பனுடையது. கெம்பம்மாவின் தம்பி. அவன் வரப்பில் நின்று, தக்காளி வைத்திருக்கிறாயா, கோலம் போட்டு வைத்திருக்கிறாயா என்று கேட்டான். அந்த ஆமணக்குதான் பூச்சிக்கு வீடு, வெட்டிப் போடு என்றான். அவன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. பூச்சி அங்கேதான் அதிகம். ஆனால் அந்தக் கொம்பு மீசையும் அங்கிருந்துதான் வந்தது.

மாசி 19

கெம்பம்மா மூன்று தரம் போன் செய்தாள். முதல் தரம் மாட்டைப் பற்றி. இரண்டாம் தரம் மருந்தைப் பற்றி. அடித்தேன் என்றேன். எது என்றாள். நீல மூடி போட்டது என்றேன். மூன்றாம் தரம் சொன்னது இது:

“பங்குனி பொறக்கட்டும், வந்துர்றேன். நீ அடிக்கிறது இன்னா அடியோ. வந்து நானே அடிச்சிக்கிறேன்.”

டாக்டர் என்ன சொன்னார் என்று நினைவிருக்கிறதா என்று கேட்டேன். டாக்டருக்கு வயல் இருக்கிறதா என்று கேட்டாள். அன்றைக்கு வெறும் வயிற்றில் வெயிலில் நின்றதால் வந்த மயக்கம், மருந்தால் இல்லை என்பது அவள் கட்சி.

பங்குனி பிறப்பதற்குள் குளவிகள் வயலில் இறங்க வேண்டும். இலை தெளிந்துவிட்டால் அவள் மருந்து அடிக்கிற டாங்கைத் தொட வேண்டியதில்லை.

மாசி 21

டப்பாக்களிலிருந்து குளவிகள் வந்தபடி இருக்கின்றன. கொம்பு மீசை, கொம்பு இல்லாத பச்சை, நீள மீசை வைத்த கறுப்பு. குப்பிகள் வரிசையாக நிற்பதைப் பார்க்க நன்றாக இருக்கிறது. சீட்டுகள்தான் மங்கலாக, சின்னப் பிள்ளை எழுதியது போல. நாளை நல்ல சீட்டாக மாற்றி வைக்கப் போகிறேன். மேடம் வருவதற்குள் முடித்துவிட்டால் ஆச்சரியப்படுவார்.

மாசி 22

காலையிலிருந்து சாயங்காலம் வரை எழுதினேன். எல்லாச் சீட்டையும் புதுத்தாளில் நீலப் பேனாவால் எழுதி, பழையதை எடுத்துவிட்டுப் புதியதைப் போட்டேன். தக்காளி. ஆமணக்கு. எடுத்தவர் திம்மராயன். எடுத்தவர் திம்மராயன். ஒரு எழுத்துக்கூடத் தப்பில்லை. பழைய சீட்டுகளை அடுப்பில் போட்டேன்.

மாசி 24

ஸ்பிரிட் நீலமாக இருக்கிறது. எல்லாக் குப்பியிலும். சீட்டெல்லாம் வெள்ளை.

மாசி 25

நேற்று அதற்கு மேல் எழுத முடியவில்லை. இன்றும் பேனாவைத் தொட மனம் இல்லை. இது பென்சிலால் எழுதுவது.

மேடம் ஒவ்வொரு குப்பியாக எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். ஸ்பிரிட்டில் மை கரைந்துவிடும், பென்சில் எழுத்துக் கரையாது, அதனால்தான் உலகத்தில் எல்லோரும் பூச்சிக்குப் பென்சிலில் எழுதுகிறார்கள், பேராசிரியர்கள்கூட. இதை அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும், பஸ்ஸுக்கு ஓடினது என் தப்பு என்றார். எனக்கு அது ஆறுதலாக இல்லை.

கொம்பு மீசை ஆமணக்கில் வந்தது, எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது, அதை மட்டுமாவது எழுதிக்கொள்ளுங்கள் என்றேன்.

“ஐயா, நீங்க சொல்லுதது உண்மையாத்தான் இருக்கும். ஆனா ஞாபகத்த வச்சு எழுதிட்டம்னா, பொறவு இதுல எதையுமே நம்ப முடியாதாக்கும்.”

அவர் சொன்னது சரி. குளவிகள் அழகாக இருக்கின்றன. எங்கிருந்து வந்தவை என்று சொல்ல முடியாத குளவிகள்.

மறுபடி முதலிலிருந்து எடுக்க வேண்டும். இன்னும் இரண்டு வாரமாவது வயலில் மருந்து படக் கூடாது. முடியுமா ஐயா என்று கேட்டார். முடியும் என்றேன். என் குரல் எனக்கே வேறு யாரோ பேசுவது போல இருந்தது.

மாசி 27

மறுபடி டப்பாக்கள். பென்சிலைச் சீவிச் சீவி எழுதுகிறேன். இரண்டு தரம் எழுதிய சீட்டை மூன்றாம் தரம் படித்துப் பார்க்கிறேன்.

சோறு வடித்தேன். குழைந்துவிட்டது.

மாசி 29

வயலுக்குப் போனேன். வந்தேன். போனேன். மாடு என்னையே பார்த்தது.

பங்குனி 1

மாரப்பன் முதுகில் டாங்கைக் கட்டிக்கொண்டு நேரே என் வயலுக்குள் இறங்கினான். அக்கா போன் செய்தாளாம். மாமாவை நம்ப முடியாது, நீ போய் அடித்துவிட்டு வா என்றாளாம். நான் வரப்பில் குறுக்கே நின்றேன்.

“மாமா, தள்ளு. காலேஜ் பொண்ணு பரீட்ச எழுதறதுக்கு எங்க அக்கா பயிரு காயணுமா?”

பயிர் காய்ந்தால் நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். எழுத்துக் கற்ற பிறகு உனக்குத் தலை கனத்துவிட்டது என்றான். அதுவும் உண்மையாக இருக்கலாம். அவன் இன்னொரு அடி வைத்தான். நான் டாங்கின் வாரைப் பிடித்துக்கொண்டேன். இரண்டு பேரும் சேற்றில் விழாமல் நின்றது பெரிய காரியம்.

“டேய் மாரப்பா, இதே எடத்துலதான உங்கக்கா வுழுந்தா. வாயில நொரை தள்ளிச்சி. நீதான தூக்கினே. டாக்டர் எந்த மருந்துன்னு கேட்டப்ப நாம ரெண்டு பேரும் எழுத்தழிஞ்ச பாட்டில வெச்சிக்கினு முழிச்சோமே, மறந்துட்டியா? இப்ப அவ வந்து அடிப்பேன்றா. இந்தப் பூச்சி வேல செஞ்சா அவ அடிக்க வேணாம்டா.”

அவன் என் கையை வாரிலிருந்து எடுத்துவிட்டான். பிறகு டாங்கைக் கழற்றிக் கீழே வைத்தான். ஒரு பீடி பற்றவைத்தான். அக்கா கேட்டால் அடித்துவிட்டேன் என்று சொல்லவா என்று கேட்டான். சொல் என்றேன். ஒரு குடும்பத்தில் ஒரு பொய்க்கு இரண்டு பேர் ஆயிற்று.

பங்குனி 4

இலையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு குளவி. டப்பாவில் இல்லை, வயலில். கோட்டின் மேல் நடந்து, தட்டி, நின்று, மறுபடி தட்டியது. பிறகு வயிற்றை வளைத்துக் குத்தியது. எறும்பு காலைக் கடித்ததுகூட அப்புறம்தான் தெரிந்தது.

மேடத்துக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை. மாட்டிடம் சொன்னேன்.

பங்குனி 7

மேல் இலைகளில் கோடுகள் பாதியிலேயே நிற்கின்றன. தடிமனாகாமல் நூலாகவே முடிந்துவிடுகின்றன. வெயிலில் தூக்கிப் பார்த்தால் உள்ளே புழு பழுப்பாகக் கிடக்கிறது. எல்லா இலையிலும் இல்லை. பாதியில் என்று சொல்லலாம். பாதி போதுமா என்று தெரியவில்லை.

பங்குனி 9

கெம்பம்மா வந்துவிட்டாள். ஓசூர் பஸ்ஸிலிருந்து இறங்கி, வீட்டில் பையை மட்டும் வைத்துவிட்டு நேரே வயலுக்கு நடந்தாள். மெலிந்திருக்கிறாள். நடையில் அது தெரியவில்லை. நான் பின்னாலேயே போனேன்.

கீழ் இலையைப் பார்த்தாள். கருகியிருந்தது. மேல் இலையைப் பார்த்தாள். ஒரு காயைப் பிடித்து அழுத்தினாள். வரப்பில் ஆமணக்கைப் பார்த்தாள். என்னைப் பார்க்கவில்லை.

“நீ மருந்தே அடிக்கல.”

மாரப்பன் சொல்லிவிட்டானா என்று கேட்டேன்.

“அவன் அடிச்சேன்னுதான் சொன்னான். நாப்பது வருசமா பாக்கறேன், மருந்தடிச்ச அன்னிக்கி உனுக்குத் தொண்ட கட்டிக்கும். போன்ல கணீர்னு பேசறே. மொத நாளே தெரியும் எனுக்கு.”

தெரிந்தும் ஏன் தினமும் கேட்டாய் என்றேன். நீ எத்தனை தினுசாகப் பொய் சொல்கிறாய் என்று பார்த்தேன் என்றாள்.

சிரித்தாள் என்று நினைத்தேன். ஆனால் நேரே கொட்டகைக்குப் போய் டாங்கை வெளியே இழுத்தாள். அலமாரியிலிருந்து நீல மூடிப் பாட்டிலை எடுத்தாள். பாதிக்கு மேல் பிழைத்திருக்கிறது, மீதியும் போவதற்குள் ஒரு அடி அடித்துவிடலாம் என்றாள். டாங்கின் வாரை ஒரு தோளில் மாட்டிவிட்டாள்.

எனக்குச் சண்டை போட வரவில்லை. அவள் கையிலிருந்து பாட்டிலை வாங்கினேன். கழுத்தில் ரப்பர் போட்டு ஒரு மடித்த தாள் கட்டியிருந்தது. எத்தனை வருடமாக அதைக் கிழித்து எறிந்திருக்கிறோம். அதைப் பிரித்து, வெயிலில் பிடித்துக்கொண்டு, எழுத்துக் கூட்டிப் படித்தேன். எழுத்து மிகவும் சின்னது. நேரம் ஆயிற்று. உடம்பில் பட்டாலோ மூச்சில் போனாலோ தலைவலி வரும். கண் மங்கும். வாயில் நுரை வரும். மூச்சுத் திணறும். உடனே மருத்துவரிடம் கொண்டுபோய் இந்தத் தாளைக் காட்டவும்.

கடைசி வரியைப் படிக்கும்போது எனக்கு எழுத்துச் சரியாகத் தெரியவில்லை. மறுபடி படித்தேன்.

கெம்பம்மா தாளை எட்டிப் பார்த்தாள்.

“இதெல்லாம் இதுலியேவா எழுதியிருந்திச்சி?”

ஆமாம் என்றேன்.

“இத்தினி வருசமாவா?”

வாரைத் தோளிலிருந்து இறக்கினாள். எவ்வளவு நாள் வேண்டும் என்று கேட்டாள். ஒரு வாரம் என்றேன். ஒரு வாரம்தான் என்றாள். பிறகு மாட்டைப் பார்க்கப் போய், மாடு இளைத்துவிட்டது என்று அதற்கும் சேர்த்து என்னைத் திட்டினாள்.

பங்குனி 10

ரசம் வைத்தாள். ரசத்தைப் பற்றி ஒரு பக்கம் எழுதலாம். கை வலிக்கும்.

பங்குனி 13

டப்பாக்களில் குளவிகள் வருகின்றன. மேடம் காலையிலேயே வந்துவிட்டார். கெம்பம்மா அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்டாள். பிறகு நீலச் சீட்டுக் கதையை அவரிடமே கேட்டுத் தெரிந்துகொண்டாள். இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன்.

ஆமணக்கு டப்பாவில் கொம்பு மீசை. பக்கத்துத் தக்காளி டப்பாவிலும் கொம்பு மீசை. இந்தத் தரம் இரண்டு சீட்டும் இருக்கின்றன. மேடம் கண்ணாடியில் வெகுநேரம் பார்த்தார். இறக்கை நரம்பையும் முதுகு மயிரையும் நுண்ணோக்கியில் பார்த்துவிட்டுத்தான் முடிவாகச் சொல்வேன், ஆனால் ஒரே இனம் போலத்தான் தெரிகிறது என்றார். அப்படியானால் ஆமணக்கில் வளர்ந்து தக்காளிக்கு வந்திருக்கலாம். ஆமணக்கு ஈக்கு மட்டும் வீடு இல்லை, குளவிக்கும் வீடு.

கெம்பம்மா இதைக் கேட்டுக்கொண்டே மாட்டுக்குப் புல் போட்டாள். பிறகு மாரப்பன் வயல் பக்கம் திரும்பி, அவனுக்குக் கேட்கிற குரலில் சொன்னாள்:

“டேய், என் ஆமணக்க வெட்டச் சொன்னியாமே?”

மாரப்பன் குனிந்து ஏதோ களை பிடுங்க ஆரம்பித்தான்.

பங்குனி 16

ஒரு வாரம் முடிந்தது. காலையில் நான் எழுவதற்கு முன்பே கெம்பம்மா வயலுக்குப் போயிருந்தாள். செருப்பு மாட்டாமலே போனேன். கொட்டகையைத் தாண்டும்போது உள்ளே எட்டிப் பார்த்தேன். டாங்க் இருந்த இடத்திலேயே இருந்தது.

கொழுந்து இலைகள் பச்சையாக இருந்தன. எல்லாம் இல்லை. கோடு விழுந்ததும் இருக்கிறது. போன வருடத்தைவிடக் காய் குறைவாகத்தான் இருக்கும். அவளும் அதைத்தான் சொன்னாள். பத்துக் கூடையாவது குறையும், நீதான் சந்தையில் பதில் சொல்ல வேண்டும் என்றாள்.

சொல்லிக்கொண்டே ஆமணக்குப் பக்கம் போய், இலைகளை ஒவ்வொன்றாக வெயிலில் தூக்கிப் பார்த்தாள். ஒரு இலையைக் காம்போடு கிள்ளி என்னிடம் நீட்டினாள். உள்ளே புழு பழுப்பாகக் கிடந்தது. அதன் பக்கத்தில் இன்னொன்று, சின்னதாக, உயிரோடு.

டப்பா கொண்டுவந்தேன். சீட்டு எழுதினேன். ஆமணக்கு. ஊர். தேதி. எடுத்தவர் என்ற இடத்தில் பழக்கத்தில் ‘தி’ போட்டுவிட்டேன். அழித்துவிட்டு மறுபடி எழுதினேன். அவள் என் தோளுக்கு மேலே எட்டி, என்ன எழுதினாய், படி என்றாள்.

படித்தேன். எடுத்தவர், கெம்பம்மா.

சீட்டைக் கையில் வாங்கி, இலையைப் பார்த்தது போலவே வெயிலுக்கு நேரே தூக்கிப் பார்த்தாள். எது அவள் பெயர் என்று கேட்டாள். விரல் வைத்துக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தாள்.

“பேனாவா, பென்சிலா?”

பென்சில்தான் என்றேன்.

“அப்ப போடு” என்றாள்.